குஸ்கோ மலைப்பகுதியில் கைநெசவின் மீட்சி

பெரு நாட்டின் தென்பகுதியில், ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்துள்ளது குஸ்கோ. இன்காப் பேரரசின் தலைநகராக விளங்கிய இந்நகரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் கெச்சுவா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். ஆட்டு ரோமத்தையும் அல்பாக்கா ரோமத்தையும் கையால் நூற்று, செடிகளாலும் பூச்சிகளாலும் சாயமேற்றி, இடுப்புத் தறியில் துணி நெய்வது இவர்களின் பழங்கலை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கலையின் நுட்பமான பகுதிகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. அவற்றை மீட்கும் முயற்சி சின்செரோ என்னும் ஊரில் சிறு அளவில் தொடங்கி, 1996-இல் குஸ்கோ மரபு நெசவு மையமாக வடிவம் பெற்றது.

கைத்தொழில் மீட்சி என்றவுடன் பலருக்கும் விற்பனைதான் நினைவுக்கு வரும். குஸ்கோவின் அனுபவம் அதிலிருந்து சற்று வேறுபட்டது. இங்கே முதலில் மீட்க வேண்டியிருந்தது சந்தையை அன்று. முதியோரின் கைகளில் மட்டும் எஞ்சியிருந்த அறிவை. அந்த அறிவு எழுத்தில் இல்லை. கற்றவர் மறைந்தால் அதுவும் மறையும். ஆகவே இம்மீட்சியின் வரலாற்றைக் கற்பித்தலின் வரலாறு என்றும் கூறலாம்.

வரலாற்றுப் பின்னணி

ஆண்டிஸ் பகுதியில் நெசவு, மட்பாண்டத் தொழிலைவிடப் பழமையானது. பெருவின் வட கடற்கரையில் உவாக்கா பிரியேட்டா என்னுமிடத்தில் அவுரி நீலம் ஏறிய பருத்தித் துணித் துண்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

இன்காக்களின் காலத்தில் துணிக்குப் பொன்னைவிட உயர்ந்த மதிப்பு இருந்தது. அவர்களிடம் நாணயம் இல்லை; நாம் அறிந்த வகையிலான எழுத்தும் இல்லை. படைவீரருக்கும் அதிகாரிகளுக்கும் அரசு துணியைப் பரிசாக அளித்தது. பொதுமக்கள் உடுத்தும் சாதாரணத் துணி ‘அவாஸ்கா’ எனப்பட்டது. அரசருக்கும் சமயச் சடங்குகளுக்கும் உரிய மிக நுண்ணிய துணி ‘கும்பி’ எனப்பட்டது. கும்பி நெய்வதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களும் தனித் தேர்ச்சி பெற்ற ஆண்களும் இருந்தனர்.

1532-இல் ஸ்பானியர் பெருவுக்குள் நுழைந்தபின் நிலைமை மாறியது. ‘ஒப்ராஹே’ எனப்பட்ட பட்டறைகளில் மலைவாழ் மக்கள் கட்டாய உழைப்பாளர்களாக நெய்ய வைக்கப்பட்டனர். செம்மறியாடும் மிதித்தறியும் ஸ்பானியர் வழியாகவே மலைக்கு வந்தன. ஆயினும் கிராமங்களில் பெண்கள் தம் வீட்டுத் தேவைக்காக இடுப்புத் தறியில் நெய்வதைக் கைவிடவில்லை.

1780-இல் இரண்டாம் டூபாக் அமாருவின் தலைமையில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி மூண்டது. 1781-இல் அவருக்குக் கொடிய மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அத்துடன் இன்கா மேற்குடியினரின் பாரம்பரிய உடைக்கும் தடை விதிக்கப்பட்டது. ஓர் ஆட்சி துணியைக் கண்டு அஞ்சியது என்றால், அத்துணி மக்களின் நினைவை எவ்வளவு ஆழமாகச் சுமந்திருந்தது என்பது விளங்கும்.

நலிவுக்கான காரணங்கள்

அரசாணையால் அழியாத நெசவு பிற்காலத்தில் வேறு காரணங்களால் நலிந்தது.

முதலாவது, செயற்கைச் சாயம். 1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். சில பத்தாண்டுகளில் இத்தகைய சாயப் பொடிகள் ஆண்டிஸ் சந்தைகளுக்கும் வந்து சேர்ந்தன. மலையில் அலைந்து இலையும் பூவும் பறித்து, மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும் வேலை குறைந்தது. அதோடு சாயச் செடிகளைப் பற்றிய அறிவும் குறைந்தது.

இரண்டாவது, ஆலைநூல். கடைகளில் கிடைத்த அக்ரிலிக் நூல் மலிவானது. பளிச்சென்ற நிறங்களில் வந்தது. நூற்க வேண்டிய தேவையும் இல்லை. கையால் ஒரு போர்வைக்கு வேண்டிய நூலை நூற்கப் பல வாரங்கள் ஆகும் என்பதை எண்ணினால், மக்கள் ஆலைநூலை நாடியதில் வியப்பில்லை.

மூன்றாவது, இழிவுணர்வு. மரபு உடையுடன் நகரத்துக்குச் செல்வோர் படிப்பறிவற்ற நாட்டுப்புறத்தார் என்று ஏளனம் செய்யப்பட்டனர். பள்ளிக்கும் வேலைக்கும் சென்ற இளைஞர்கள் கால்சட்டைக்கும் ஆலைத் துணிக்கும் மாறினர். உடுத்துவார் குறைந்தபோது நெய்வாரும் குறைந்தனர்.

நான்காவது, மலிவுச் சந்தை. மச்சு பிச்சுவைக் காண வந்த பயணிகள் நினைவுப் பொருள்களை வாங்கினர். விரைவாக நெய்து குறைந்த விலைக்கு விற்ற பொருள்களே அதிகம் விலைபோயின. தரமாக நெய்தவருக்கு உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கவில்லை.

இவற்றோடு மற்றோர் இழப்பும் சேர்ந்தது. வீடுகளில் பாதுகாக்கப்பட்ட பழந்துணிகளை வணிகர்கள் வாங்கிச் சென்றனர். வரைபடமோ குறிப்பேடோ இல்லாத கலையில் பாட்டி நெய்த துணியே பாடநூல். அது விற்கப்பட்டபோது குடும்பத்தின் பாடநூலே கைவிட்டுப் போனது.

இடுப்புத் தறியும் நெசவு முறையும்

இந்நெசவின் அருமையை உணர அதன் செய்முறையை அறிவது அவசியம்.

நூற்றல்: ‘புஷ்கா’ என்னும் மரக் கதிரால் நூல் நூற்கப்படுகிறது. தமிழகப் பள்ளிகளில் ஒருகாலத்தில் மாணவர்கள் சுழற்றிய தக்ளியைப் போன்றதே இது. அளவில் மட்டும் பெரியது. ஆடு மேய்க்கும்போதும் சந்தைக்கு நடக்கும்போதும் பெண்களின் கையில் புஷ்கா சுழன்றுகொண்டே இருக்கும். நூற்ற இழைகள் இரண்டை ஒன்றாக முறுக்கி, அதன்பின் மேலும் இறுக்கமாக முறுக்கேற்றுவர். இந்த மிகை முறுக்குதான் துணிக்கு உறுதியைத் தருகிறது. வழக்கத்துக்கு எதிர்த்திசையில், அதாவது இடப்புறமாக முறுக்கிய நூலுக்கு ‘லோக்கே’ என்று பெயர். அது தீமையைத் தடுக்கும் என்பது மக்களின் நம்பிக்கை.

பாவோடுதல்: தரையில் அடித்த முளைகளுக்கு இடையே இருவர் எதிரெதிரே அமர்ந்து நூலுருண்டையை மாறி மாறி அனுப்பிப் பாவு ஓட்டுவர். இதைத் தனியாகச் செய்வது கடினம். எனவே உறவினரும் அண்டை வீட்டாரும் ஒருவருக்கொருவர் துணை நிற்பது வழக்கம்.

நெய்தல்: தமிழகத்தின் குழித்தறியில் பாவை இழுத்துப் பிடிக்க மரச்சட்டம் உண்டு. இடுப்புத் தறியில் அத்தகைய சட்டம் கிடையாது. பாவின் ஒரு முனை கம்பத்திலோ மரத்திலோ கட்டப்படும். மறுமுனை நெய்பவரின் இடுப்பைச் சுற்றிய வாரில் பிணைக்கப்படும். அவர் பின்னுக்குச் சாய்ந்தால் பாவு இறுகும். முன்னுக்கு வந்தால் தளரும். நெய்பவரின் உடலே தறியின் சட்டமாக அமைகிறது. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் நாகா, மிசோ பெண்கள் பயன்படுத்தும் தறியும் இதே வகையைச் சேர்ந்தது.

இத்துணியில் பாவு நூல் ஊடையை முழுவதும் மூடி நிற்கும். எனவே வடிவங்கள் அனைத்தும் பாவு நூலிலேயே உருவாகின்றன. ஒவ்வொரு ஊடைக்கும் முன், எந்த நிற இழை மேலே வர வேண்டும் என்று எண்ணி விரலால் பொறுக்கி எடுக்க வேண்டும். இவ்வடிவங்களுக்குக் கெச்சுவா மொழியில் ‘பல்யாய்’ என்று பெயர். பொறுக்குதல் என்பதே அதன் பொருள். ஊடையைச் செலுத்தியபின் லாமா எலும்பால் செய்த ‘ருக்கி’ என்னும் கூர்முனைக் கருவியால் நூலை நெருக்கி அடிப்பர். வடிவத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைவதால், நெய்பவர் மனக்கணக்காகவே சமச்சீரைக் கையாள்கிறார்.

மற்றொரு சிறப்பும் உண்டு. தறியிலிருந்து எடுத்த துணியை இவர்கள் வெட்டுவதில்லை. நான்கு பக்கமும் முடிந்த விளிம்போடு வரும்படி நெய்கின்றனர். நெசவு முடியும் இடத்தில் விரல் நுழையவும் இடமிராது. ஊசியால் ஊடையைச் செலுத்தி முடிக்க வேண்டும். பெண்கள் தோளில் போர்த்தும் ‘லிக்லியா’, இவ்வாறு நெய்த இரு துண்டுகளை நடுவில் இணைத்துத் தைத்ததாகும்.

ஊருக்கு ஊர் வடிவமும் நிறமும் வேறுபடும். ‘லோராய்ப்பு’ என்னும் வடிவம் சின்செரோவுக்கு உரியது. அவ்வூர்ப் போர்வைகளின் விளிம்பில் ‘ஞாவி ஆவப்பா’ என்னும் குழல் வடிவக் கரை, நெய்யும்போதே துணியோடு சேர்த்துத் தைக்கப்படும். ‘கண் விளிம்பு’ என்பது அதன் பொருள். அதில் கண் போன்ற வடிவங்கள் வரிசையாக இருக்கும். சந்தையில் ஒரு பெண்ணின் போர்வையைக் கண்டே அவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவர்.

இயற்கைச் சாயங்கள்

சாயமேற்றும் முன் ரோமத்தைக் கழுவ வேண்டும். இதற்குச் ‘சாக்டா’ என்னும் கிழங்கைத் துருவி நீரில் கலக்குவர். நம் ஊர்ப் பூந்திக்கொட்டையைப் போல அது நுரைத்து அழுக்கை அகற்றும்.

சிவப்புக்கு ஆதாரம் கொச்சினீல் என்னும் சிறு பூச்சி. இது சப்பாத்திக் கள்ளியின் மேல் ஒட்டி வாழும். காய்ந்த பூச்சியைப் பொடித்துக் கொதிக்க வைத்தால் ஆழ்ந்த சிவப்புக் கிடைக்கும். புளிப்புச் சாறு, உப்பு, கனிமங்கள் ஆகியவற்றைச் சேர்க்கும் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, ஊதா எனப் பல சாயல்கள் வரும். ‘கோலே’ மரத்தின் பூக்கள் மஞ்சளையும், ‘சில்கா’ செடியின் இலைகள் பச்சையையும் தரும். நீலத்துக்கு அவுரி. சாயம் நூலில் நிலைக்கப் படிகாரமோ, மலையில் கிடைக்கும் ‘கோல்ப்பா’ என்னும் கனிம உப்போ சேர்க்கப்படும்.

கொச்சினீலுக்குத் தமிழகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இப்பூச்சியை வளர்ப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் அமைத்தார். ஆனால் 1795-இல் வந்து சேர்ந்தது சாயம் குறைந்த வேறோர் இனம். அது நல்ல சாயம் தரவில்லை; கள்ளியைத்தான் தின்று அழித்தது.

மீட்சியின் தொடக்கம்

கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள சின்செரோவில் பிறந்தவர் நில்டா கயஞாவ்பா அல்வாரெஸ். சிறுவயதில் ஆடு மேய்த்தபோதே நூற்கவும் நெய்யவும் கற்றவர். குஸ்கோவில் பல்கலைக்கழகக் கல்வியும் பெற்றார். படித்தோர் மரபு உடையைக் களைந்துவிடும் காலத்தில், படிப்பையும் நெசவையும் ஒருசேரக் கைக்கொண்டது அவருடைய தனிச்சிறப்பு.

1970-களிலும் 80-களிலும் சின்செரோவின் பெண்கள் சிலர் ஒன்றுகூடி நெய்யத் தொடங்கினர். மறந்துபோன வடிவங்களை முதியோரிடம் கேட்டறிந்தனர். அவ்வூரில் தங்கி நெசவைக் கற்ற அமெரிக்க மானிடவியலாளர்கள் எட் ஃபிராங்குமான்ட், கிறிஸ்டின் ஃபிராங்குமான்ட் இணையர் இம்முயற்சிக்குத் துணை நின்றனர். பெருவில் உள்நாட்டு வன்முறை நிலவிய 1980-களில் சுற்றுலாப் பயணிகளின் வருகை குன்றியது, வருமானமும் குறைந்தது. இருந்தும் குழு கலையவில்லை. 1996-இல் நில்டாவும் மற்ற நெசவாளர்களும் குஸ்கோ மரபு நெசவு மையத்தை இலாப நோக்கற்ற அமைப்பாக நிறுவினர். காலப்போக்கில் அது குஸ்கோ பகுதியின் 10 ஊர்களுக்கு விரிந்தது. நகரில் அதற்கு ஓர் அருங்காட்சியகமும் விற்பனைக் கூடமும் உள்ளன.

மீட்புப் பணிகள்

முதியோரே ஆசிரியர்: ஒவ்வோர் ஊரிலும் பழைய நுட்பம் அறிந்த முதியோர் தேடிக் கண்டறியப்பட்டனர். பிட்டுமார்கா ஊரின் ‘டிக்லியா’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொதுவாகப் பாவு நூல் துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழையாக ஓடும். டிக்லியா முறையிலோ பாவு இடையிடையே நின்று, வேறு நிறப் பாவுடன் கோத்துக்கொள்ளும். தற்காலிகத் துணை நூல்களை நட்டு, அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு பாவோட்ட வேண்டியிருப்பதால் இது மிகக் கடினமான வேலை. ஏறக்குறைய மறைந்துபோன இம்முறை பிட்டுமார்காவில் மீண்டும் கற்கப்பட்டு இன்று நெய்யப்படுகிறது.

இளையோர் குழுக்கள்: பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியருக்காகத் தனிக் குழுக்கள் உருவாக்கப்பட்டன. அவர்கள் முதலில் ‘ஹக்கிமா’ என்னும் ஒடுங்கிய நாடாவை நெய்வர். சில எளிய வடிவங்களை இந்நாடாவில் பிழையின்றி நெய்யத் தெரிந்தபின் இடைவார், அதன்பின் போர்வை எனப் படிப்படியாக முன்னேறுவர். பள்ளிப்படிப்பும் நெசவும் ஒன்றுக்கொன்று பகையன்று என்பதைப் பெற்றோருக்கு உணர்த்தியது இக்குழுக்களின் முக்கியப் பங்களிப்பு.

கூடி நெய்தல்: உறுப்பினர்கள் தத்தம் ஊரில் குறித்த நாள்களில் ஓரிடத்தில் கூடி நெய்கின்றனர். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுகிறார். சாயம் காய்ச்சும் வேலையையும் கூட்டாகச் செய்கின்றனர்.

தரமும் விலையும்: நூலின் முறுக்கு, நெசவின் நெருக்கம், சாயத்தின் உறுதி ஆகியவற்றைப் பார்த்தே மையம் துணிகளை ஏற்கிறது. நெய்தவரின் பெயரும் ஊரும் துணியோடு இணைக்கப்படுகின்றன. பெயரற்ற பண்டமாக இருந்தது ஒருவரின் படைப்பாக மாறுகிறது. தரமான வேலைக்கு உயர்ந்த விலை கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் நுட்பமான நெசவை மீட்டிருக்க முடியாது. இவ்வருமானம் நேராகப் பெண்களின் கையில் சேர்வதால் குடும்பத்தில் அவர்களின் சொல்லுக்கு மதிப்பும் கூடியுள்ளது.

ஆவணப்படுத்தல்: நில்டா எழுதிய, பெருவின் மலைநாட்டு நெசவு பற்றிய நூல் 2007-இல் வெளிவந்தது. மூத்த நெசவாளர்களின் உருவப்படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் அடங்கிய மற்றொரு நூல் 2013-இல் வந்தது. கெச்சுவா மொழியில் சந்திப்பு எனப் பொருள்படும் ‘டின்குய்’ என்ற பெயரில் 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் நெசவாளர் கூடுகைகள் நடைபெற்றன. பல நாட்டு நெசவாளர்களும் இவற்றில் பங்கேற்றனர்.

விமர்சனங்களும் சிக்கல்களும்

இம்மீட்சியைப் பற்றிச் சில கேள்விகளும் எழுகின்றன.

எது மரபு என்பது முதற்கேள்வி. இன்று மரபு எனப்படும் உடையில் செம்மறி ரோமமும் ஸ்பானியப் பாணிப் பாவாடையும் தொப்பியும் கலந்துள்ளன. பளிச்சென்ற ஆலைநூல் நிறங்களை விரும்பித் தம் திருவிழா உடைகளில் சேர்த்துக்கொண்ட ஊர்களும் உண்டு. இயற்கைச் சாயத்தின் அடங்கிய நிறங்களை அதிகம் விரும்புவோர் வெளிநாட்டு வாங்குநர்களே. அப்படியானால் வாங்குவோரின் சுவை மரபை வரையறுக்கிறதா என்று ஆய்வாளர்கள் கேட்கின்றனர். மரபு எக்காலத்திலும் புதியதை ஏற்றே வளர்ந்துள்ளது என்பது உண்மை. ஆனால் ஒரு நுட்பத்தை அறிந்து அதை விடுப்பது வேறு. அறியாமலே இழப்பது வேறு. எதை நெய்வது என்று நெசவாளரே தெரிவு செய்யும் நிலையை உருவாக்குவதுதான் மீட்சியின் பயன் எனலாம்.

சுற்றுலாவைச் சார்ந்திருப்பது இரண்டாவது சிக்கல். 2020-இல் கொரோனா பெருந்தொற்றால் மச்சு பிச்சு பல மாதங்கள் மூடப்பட்டது. 2023-இன் தொடக்கத்தில் அரசியல் கலவரத்தால் மீண்டும் சில வாரங்கள் மூடப்பட்டது. இரு முறையும் குஸ்கோவின் சந்தைகள் வெறிச்சோடின. நிலமும் ஆடும் வைத்திருந்த குடும்பங்கள் வேளாண்மையைக் கொண்டு சமாளித்தன. நெசவு மட்டுமே பிழைப்பு என்றாகிவிடக் கூடாது என்பதை இக்காலம் உணர்த்தியது.

மூன்றாவது, போலிகள். குஸ்கோவின் கடைகளில் இயந்திரத்தில் நெய்த அக்ரிலிக் துணிகள் ‘கைநெசவு’, ‘அல்பாக்கா’ என்ற பெயர்களில் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. வேறுபாடு அறியாத பயணியின் கண்ணுக்குக் கைத்துணி வீண் விலையாகத் தோன்றுகிறது.

நான்காவது, சின்செரோவின் புதிய பன்னாட்டு விமான நிலையம். இதற்காக நிலத்தைச் சமன்படுத்தும் பணி 2019-இல் தொடங்கியது. இன்காக் காலத்துப் படிக்கட்டு வயல்களும் நீர்நிலைகளும் பாதிக்கப்படும் எனத் தொல்லியலாளர்கள் எச்சரித்தனர். உள்ளூர் மக்களில் ஒரு சாரார் வேலைவாய்ப்பை எதிர்பார்த்து வரவேற்றனர். மேய்ச்சல் நிலம் சுருங்கினால் ஆடும் குறையும். ஆடு மேய்த்தபடியே நூற்கக் கற்கும் வாய்ப்பும் குறையும்.

முக்கியத்துவம்

பெருவின் டிட்டிக்காக்கா ஏரியில் உள்ள டக்கிலே தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாக அறிவித்தது. ‘தொட்டுணர முடியாத’ என்ற சொல் துணிக்கு முரணாகத் தோன்றலாம். அருங்காட்சியகத்தில் பழந்துணி பத்திரமாக இருக்கும். அதை நெய்யும் திறனைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இயலாது. அது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கே செல்ல முடியும்.

குஸ்கோ நெசவாளர்களின் அனுபவத்திலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. நூற்பு, சாயம், தறி ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தால் மற்றவையும் தளரும். தரத்துக்குரிய விலை கிடைத்தால்தான் நுட்பம் நிலைக்கும். கற்பிக்க முதியோரும் கற்க இளையோரும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் இருக்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதற்கு மட்டும் காலக்கெடு உண்டு. கற்பிக்கும் முதியவர் உயிரோடிருக்கும்போதே அது நடந்தாக வேண்டும். பிட்டுமார்காவின் டிக்லியா அந்தக் கெடுவுக்குள் மீட்கப்பட்டது.